ஐ.நா. இன்டர்ன்ஷிப்: விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. ஜூனில் ரிசல்ட். ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும், கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் ஓடிவிடும். ஜனவரியில் ஐ.நா. தளத்தில் விண்ணப்பம், மே மாதம் நேர்காணல், ஜூலையில் வந்து சேர முடியுமா என்று ஒரு மின்னஞ்சல். அதோடு கதை முடிந்தது. ஐ.நா. தலைமைச் செயலக விதிப்படி, பட்டம் முடித்து ஓராண்டுக்குள் இன்டர்ன்ஷிப் தொடங்கியிருக்க வேண்டும். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தேன் என்பது செல்லாது.

என்னிடம் சிவி பார்க்கச் சொல்லி வரும் ஜூனியர்களில் பெரும்பாலோர் சறுக்குவது ஆங்கிலத்தில் இல்லை, மதிப்பெண்ணிலும் இல்லை. இந்தக் காலண்டரில்தான். நம் ஊரில் 'முதலில் படிப்பை முடி, மற்றதெல்லாம் அப்புறம்' என்றே வளர்த்திருக்கிறார்கள். ஐ.நா. மாதிரியான வளர்ச்சித் துறை அமைப்புகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு இன்டர்ன் என்றால் மாணவர், அல்லது இப்போதுதான் மாணவராக இருந்து வெளியே வந்தவர்.

அந்த 'இப்போதுதான்' எவ்வளவு காலம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். உலக சுகாதார நிறுவனத்தில், முடித்த ஆறு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டமான யுஎன்டிபியில் ஓராண்டு. குழந்தைகளுக்கான யுனிசெஃபில் இரண்டு ஆண்டு. மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கியோ, முதுநிலையோ ஆராய்ச்சிப் படிப்போ படித்துக்கொண்டிருப்பவர்களை மட்டும் எடுக்கிறது. இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகும் படிப்பு பாக்கி இருக்க வேண்டும். எம்.ஏ. முடித்துவிட்டு அங்கே விண்ணப்பிப்பது, ரயில் போன பிறகு டிக்கெட் கவுன்டரில் நிற்பது மாதிரி. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த அமைப்பின் தளத்தில் இன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள். டெலிகிராம் குழுவில் வரும் போஸ்டரை நம்ப வேண்டாம். மொத்தத்தில், கடைசி ஆண்டின் முதல் செமஸ்டரிலேயே தேட ஆரம்பிப்பதுதான் சரி. அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: பட்டம் முடித்த தேதி எது என்று கேட்டால் பட்டமளிப்பு விழா நடந்த நாளைப் போடாதீர்கள். சான்றிதழில் அச்சாகியிருக்கும் தேர்ச்சி மாதமும் ஆண்டும்தான் பிற்பாடு சரிபார்க்கப்படும்.

அடுத்தது பணம். 'ஐ.நா.வில் வேலை' என்று வீட்டில் சொன்னதும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். தலைமைச் செயலகத்தில் சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், விசா, வாடகை, காப்பீடு எல்லாம் நம் தலையில். நைரோபியில் உள்ள ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும், பாங்காக்கில் உள்ள ஐ.நா. ஆசிய-பசிபிக் ஆணையமும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. 2015 ஆகஸ்டில் ஜெனீவாவில், 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஏரிக்கரையில் நீலக் கூடாரம் போட்டுத் தங்கி ஐ.நா.வுக்கு இன்டர்னாகப் போய்வந்த செய்தி உலகம் முழுக்க வந்தது. இந்தப் பிரச்சினையைக் காட்டத்தான் வேண்டுமென்றே அப்படிச் செய்தேன் என்று பிறகு அவரே எழுதினார். வேண்டுமென்று செய்தாரோ இல்லையோ, அந்த ஊர் வாடகை பொய்யில்லை. ஜெனீவாவில் ஒரு சின்ன அறைக்கே மாதம் எண்ணூறு, ஆயிரம் பிராங்க் ஆகும். ஒரு பிராங்க் இன்று நூறு ரூபாய்க்கும் மேல்.

ஆனால் ஐ.நா. என்பது ஒரே வீடு இல்லை, கூட்டுக் குடும்பம். ஒவ்வொருவருக்கும் தனிச் சமையலறை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நெடுநாளாகவே உதவித்தொகை கொடுக்கிறது. யுனிசெஃப், யுஎன்டிபி கொடுக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் கொடுக்கிறது. லோகோவைப் பார்த்து விண்ணப்பிக்காமல் 'ஸ்டைபெண்ட்' என்ற வார்த்தை அறிவிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகையை அடகு வைத்து மூன்று மாதம் ஜெனீவாவில் ஃபோட்டோகாப்பி எடுக்கப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதே துறையில் பாங்காக்கிலோ காட்மாண்டுவிலோ செலவு பாதிக்கும் கீழே வரும். அலுவலகம் சின்னது என்றால் இன்டர்ன் கையிலும் உருப்படியான வேலை வந்து சேரும்.

பணம் கொடுத்துப் போவது இதைவிட மோசம். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு 'நீங்கள் இளைஞர் பிரதிநிதியாகத் தேர்வாகியிருக்கிறீர்கள்' என்று மெயில் வந்தது. தெற்காசிய நகரம் ஒன்றின் நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாள் மாநாடு. பங்கேற்புக் கட்டணம் தனி, டிக்கெட் தனி. மெயிலில் பூமி உருண்டையும் ஆலிவ் இலையும் போட்டு ஒரு சின்னம், ஏறக்குறைய ஐ.நா. சின்னம் மாதிரியே. போய்வந்தாள். கிடைத்தது ஒரு பை, ஒரு கழுத்துப்பட்டை, ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழை சிவியின் முதல் வரியில் போட்டிருந்தாள். நான்தான் எடுக்கச் சொன்னேன். இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்களுக்கு அது தேர்வா, கட்டணமா என்று பார்த்ததுமே தெரியும். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. கேட்டால் அது ஐ.நா. இல்லை, அவ்வளவுதான். நேபாளத்திலோ கம்போடியாவிலோ அநாதை இல்லத்தில் இரண்டு வாரத் தன்னார்வப் பணி என்று விற்கப்படும் பேக்கேஜ்களையும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பார்வையாளர் பணத்துக்காகவே குழந்தைகளை இல்லத்துக்கு இழுக்கும் வியாபாரம் நடக்கிறது என்று யுனிசெஃபே எச்சரித்திருக்கிறது.

விசாவைப் பற்றி ஒரு வரி: ஐரோப்பாவில் 90 நாளுக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால ஷெங்கன் விசா போதாது, அந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சமாளிக்கலாம் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

இனி விண்ணப்பத்தோடு அனுப்பும் கடிதம். தர்மபுரி மாவட்டத்திலிருந்து எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுநிலை) படித்த ஒரு பெண்ணின் மோட்டிவேஷன் லெட்டர் இப்படித் தொடங்கியது: 'சிறு வயதிலிருந்தே உலகில் துன்பப்படும் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு.' அடுத்த பத்தியில் ஆப்பிரிக்கா, வறுமை, ஐ.நா.வின் பதினேழு நிலைத்த வளர்ச்சி இலக்குகள். மூன்றாவது பத்தியில் நெல்சன் மண்டேலா. படித்துவிட்டு, உங்கள் ஊரில் குடிதண்ணீர் எப்படி என்று கேட்டேன். இப்போது ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, முன்பெல்லாம் போர்வெல் தண்ணீர், பாட்டிக்குப் பல்லெல்லாம் பழுப்பு, முட்டி மடங்காது என்றாள். தண்ணீரில் இருந்த ஃபுளோரைடின் வேலை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் அரசின் வளர்ச்சி நிதியில் கட்டி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதாவது, எந்த 'உலகளாவிய வளர்ச்சி'யைத் தேடி அவள் விண்ணப்பிக்கிறாளோ அது அவள் வீட்டுக் குழாயில் வந்துகொண்டிருந்தது. கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஃபீல்டு வொர்க்கில் அறுபது வீடு ஏறி இறங்கி, எந்த வீட்டில் இன்னும் போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள் என்று கைபேசியில் கோபோ என்ற சர்வே செயலியின் படிவத்தில் பதிந்திருக்கிறாள். அதுவும் கடிதத்தில் இல்லை. 'அது காலேஜ்ல பண்ணச் சொன்னதுதானே சார்' என்றாள்.

இந்தக் கூச்சம் நம் பிள்ளைகளிடம் நிறைய. வாரம் இரண்டு நாள் ஃபீல்டு வொர்க், ஏழு நாள் என்எஸ்எஸ் முகாம், மகளிர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கெழுதியது எல்லாம் 'சும்மா' என்று ஒதுக்கிவிட்டு, கூகுளில் படித்த கென்யாவை எழுதுகிறார்கள். வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் ஒரு வட்டாரத்தில் மூன்று மாதம் சுற்றியிருந்தால், அது உலக வங்கி நிதியில் நடந்த திட்டம். அதை அப்படியே எழுதலாமே. எத்தனை வீடு, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, நீங்கள் என்ன மாற்றினீர்கள். இந்த மூன்றும் இருந்தால் மண்டேலா தேவையில்லை.

ஒரே கடிதத்தை இருபது இடத்துக்கு அனுப்புவதும் நடக்கிறது. யுனிசெஃபுக்குப் போன கடிதத்தில் 'உங்கள் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பில்' என்று இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நேர்காணலில் இன்னொரு பழக்கம் குறுக்கே வரும். நமக்கு 'நான்' என்று சொல்ல வராது. 'நாங்க சர்வே பண்ணோம், நாங்க ரிப்போர்ட் கொடுத்தோம்' என்போம். அடக்கம்தான். ஐ.நா. அமைப்புகளின் நேர்காணலோ திறன் அடிப்படையிலானது. குழுவில் கருத்து வேறுபாடு வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். 'நாங்க பேசித் தீர்த்துக்கிட்டோம்' என்றால் அதில் மதிப்பெண் போட ஒன்றும் இல்லை. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்று நான்கு கதைகளையாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் ஆங்கிலத்திலும் நிற்கும்.

இன்டர்ன்ஷிப் முடிந்தால் அங்கேயே வேலை என்ற நம்பிக்கையை 2025 உடைத்துப் போட்டுவிட்டது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் அந்த ஆண்டு ஜூலையில் தனி அமைப்பாக இல்லாமல் போனது. நிதி வற்றி ஐ.நா. அமைப்புகளும் ஆள்குறைப்பில் இறங்கின. பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இன்று அதே வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இந்த நிலையில் 18 முதல் 26 வயதுக்காரர்களுக்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் இளைஞர் பிரிவை நான் இன்டர்ன்ஷிப்புக்கு மேலாகவே வைப்பேன். அதன் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. பெயர் தன்னார்வலர் என்றாலும் மாதாந்திர வாழ்க்கைப்படியும் காப்பீடும் உண்டு. வீட்டிலிருந்தே செய்யும் ஆன்லைன் பணிகளும் உண்டு. அதற்குப் பணம் வராது, செலவும் வராது.

இடம் கிடைத்துப் போகிறவர்களுக்கு: கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். சேர்ந்த மாதத்திலேயே மேற்பார்வையாளரிடம் உட்கார்ந்து, போவதற்குள் நான் முடித்துத் தரப்போகும் ஒரு பொருள் எது என்று கேளுங்கள். ஒரு சிறு அறிக்கை, ஒரு தரவுத்தொகுப்பு, ஒரு வரைபடம், எதுவானாலும் சரி. முடிந்ததும், அதை வெளியே காட்டலாமா, அதில் என் பெயர் வருமா என்பதையும் மெயிலில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக மெயில் கணக்கு கடைசி நாள் மாலையே மூடப்பட்டுவிடும்.