அபூர்வ காலிபருக்கு பேரல் மாத்தப் போறீங்களா, மேகஸினை மொதல்ல அளந்துடுங்க

போன மாசம் ரேஞ்சுல பக்கத்து பெஞ்சுல ஒரு தம்பி, போன்ல பேரல் ஆர்டர் பண்ற பக்கத்தைத் திறந்து என்கிட்ட காட்டினார். 9.3×62ங்கற தோட்டாவுக்கு, எல்லாம் செலக்ட் பண்ணியாச்சு, பணம் கட்டறது மட்டும் பாக்கி. துப்பாக்கி எது தம்பின்னு கேட்டேன். "யூகோ எம்48 அண்ணே, சல்லிசா கெடச்சுது"ன்னார். யூகோஸ்லாவியாவுல செஞ்ச, மௌசர் 98 வகை ராணுவ ரைஃபிள் அது. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிடுச்சு. ஒம்பது வருஷம் முன்னாடி இதே மாடலை வச்சுக்கிட்டு நான் பண்ணின அதே தப்பு.

கண்ணாடி போடறது, தோட்டா உக்காரற சேம்பர் காலியான்னு பாக்கறது பத்தியெல்லாம் இங்க பேசப் போறதில்ல, அது கைவராதவங்க பேரல் மாத்தற யோசனைக்கே வரக்கூடாது.

சார்ட்டைப் பாத்து தோட்டாவை முடிவு பண்றது

ராத்திரியெல்லாம் உக்காந்து வேகம், எனர்ஜி, 200 கஜத்துல எவ்வளவு இறங்கும்னு பாத்துப் பாத்து மனசு ஒரு தோட்டாவுல போய் ஒட்டிக்கும், அதுக்கப்புறம் கையில இருக்கற துப்பாக்கிக்கு அது ஒத்து வருமான்னு திரும்பிப் பாக்கறதே இல்ல. எனக்கு ஒட்டிக்கிட்டது .35 வீலன். நல்ல தோட்டா, அதுல சந்தேகமே வேண்டாம். 1922லயே வந்துடுச்சு, .30-06 தோட்டாவோட பிராஸ், அதாவது பித்தளைக் கூடு, அதோட கழுத்தை .358 இஞ்சுக்கு விரிச்சா வேலை முடிஞ்சுது, 1980கள்ல ரெமிங்டன் அதைக் கம்பெனி தோட்டாவாவே கொண்டு வந்தாங்க. மௌசர்ல தோட்டாவோட அடியைப் பிடிக்கற போல்ட் முகத்துக்கு .30-06 பிராஸோட அடிப்பாகம் அப்படியே பொருந்தும், அப்புறம் என்னன்னு பேரலுக்குப் பணம் கட்டிட்டேன்.

ஆனா எம்48 எல்லா 98 மாதிரியும் கிடையாது. யூகோ எம்24/47, எம்48 ரெண்டுமே இன்டர்மீடியட் ஆக்‌ஷன், அதாவது போல்ட் ஓடற இரும்புக் கூடான ரிசீவர், ஜெர்மன் ராணுவ ரைஃபிள் கே98கே-வை விட கால் இஞ்ச் போலக் குட்டை, போல்ட்டும் அப்படித்தான். அதோட சொந்தத் தோட்டாவான 8×57 முழுசா 82 மில்லிமீட்டர், மேகஸின் அதுக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை. .35 வீலன் 84.8 வரைக்கும் போகும். பேரல் போட்டு, சேம்பர் வெட்டி, ப்ளூயிங் பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டு வந்து முதல் தோட்டாவை மேகஸினுக்குள்ள அமுக்கறேன், பின்பக்கம் இறங்குது, மூக்கு இறங்கவே இல்ல. எடுத்துப் பாத்தா செப்புக் குண்டோட முனையில நகக்கீறல் மாதிரி பளபளன்னு ஒரு கோடு, முன்சுவர் விளிம்பு போட்டது.

வேலை பண்ணிக் கொடுத்த கன்ஸ்மித் கிட்டயே போனேன். முன்பக்கம் கொஞ்சம் அறுத்து விட்டுடலாம்னார். ஆர்டர் எடுக்கும்போதே அளந்து சொல்லியிருக்க வேண்டிய ஆள், இப்ப அறுக்கலாங்கறாரேன்னு இன்னைக்கும் நெனச்சா எரிச்சல் வருது. மேகஸினுக்கு முன்னாடி தோட்டா சேம்பருக்கு ஏறற சரிவான ஃபீட் ராம்ப், அதை ஒட்டினாப்ல போல்ட்டைப் பூட்டற முட்டுகள்ல ஒண்ணான கீழ் லக் முட்டி நிக்கற இரும்பு. சுடற ஒவ்வொரு தடவையும் பின்னாடி தள்ளற விசையைத் தாங்கறது மேல் லக்கும் இந்தக் கீழ் லக்கும்தான். முழுநீள 98ல .30-06க்காக அங்க துளி எடுக்கறவங்க உண்டு. இந்தக் குட்டை ரிசீவர்ல எடுக்க வேண்டியது அதை விட அதிகம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கற பாகத்துல நான் கைவைக்க விடல.

அப்ப குண்டை உள்ள தள்ளி சீட் பண்ணு, 250 கிரெயின் எடையில மொட்டை மூக்கு ரவுண்ட் நோஸ் போட்டா நீளம் குறையும்னு ஒரு நண்பர் சொன்னார். வேற ஸ்டேட்ல சரியா வரலாம். நான் இருக்கறது கலிபோர்னியா, காட்டுப்பன்னிக்குப் போறவன், 2019 ஜூலை 1லேர்ந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்பு ஈயத்தை விட எடை கம்மியான உலோகம், அதனால அதே எடைக்குக் குண்டு நீளமாயிடும், அதை உள்ள தள்ளத் தள்ள மருந்துக்கு இடம் போயிடும். அந்த வழியும் அடைஞ்சுது.

கடைசியில வேற ஒருத்தர்கிட்ட கொடுத்து பேரலோட பின்பக்கம் ஒரு இஞ்ச் வெட்டி, மறுபடி மரை போட்டு, .358 வின்செஸ்டருக்கு சேம்பர் பண்ணினேன். துளை அதே .358தான், தோட்டா நீளம் 70.6 மில்லிமீட்டர், பெட்டியில பின்னாடி ஒரு அடைப்பு வைக்கற அளவுக்கு இடம் மிச்சம். பேரல் பின்னாடி நகர்ந்ததால கட்டையில பள்ளம் பொருந்தல, கட்டைக்குள்ள ரிசீவர் உக்காரற பெட்டிங்கையும் புதுசா பண்ண வேண்டியதாச்சு. ரெண்டு கூலி, ரெண்டு ப்ளூயிங், வாங்கின விலைக்கு மேல 900 டாலர் கிட்ட போச்சு, ஒரு பன்னி சீசனும் போச்சு.

9.3×62ஐ 1905ல பெர்லின்ல உருவாக்கின ஓட்டோ பாக் பண்ணினது இதுக்கு நேர் எதிர். விலை கம்மியா கெடைக்கற சாதாரண 98 மேகஸினை மொதல்ல எடுத்துக்கிட்டு, அதுக்குள்ள அடங்கற மாதிரி தோட்டாவைச் செஞ்சார். அது 83.6 மில்லிமீட்டர், முழுநீள 98ல அருமையா ஓடும். எம்48ல 1.6 மில்லிமீட்டர்தானே கூடன்னு தோணும், அந்த 1.6தான் பிரச்சனை.

அதனால பேரல் வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு டம்மி தோட்டா செய்ங்க. ப்ரைமர் இல்லாம, மருந்து இல்லாம, நீங்க நெசமா சுடப்போற அதே குண்டை அதே நீளத்துல சீட் பண்ணி மேகஸின்ல இறக்கிப் பாருங்க. அஞ்சும் இறங்கணும், மூக்குக்கும் சுவருக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கணும், இல்லன்னா சுடும்போது ரீகாயில்ல முனை இடிச்சு நசுங்கும்.

ட்விஸ்டைக் கேக்காம விடறது

பேரலுக்குள்ள வரிப்பள்ளம் எத்தனை இஞ்சுக்கு ஒரு சுத்து சுத்துதுங்கறதுதான் ட்விஸ்ட். ரெமிங்டன் .35 வீலனைக் கொண்டு வந்தப்ப 16 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னு வச்சாங்க. சாதாரண ஈயக் குண்டுக்கு ஓடிடும், நீளமான செப்புக் குண்டுக்கு அது மந்தம். .35ல எந்தத் தோட்டாவா இருந்தாலும் 12ன்னு கேட்டு வாங்குங்க.

ஒம்பதுன்னு பேர் இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கறது

குண்டோட விட்டம் இஞ்சுல 9×57க்கு .356, .35 வீலனுக்கு .358, 9.3க்கு .366. குண்டு வாங்கற அன்னைக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

லக் சீட்டைப் பாக்காம விடறது

பழைய மௌசர் மேல் தோல் மட்டும் கெட்டியாக்கின இரும்பு, உள்ள மெதுவா இருக்கும். முன்னாடி யாராவது அதிக லோடு சுட்டிருந்தா லக் நிக்கற இடம் அமுங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். போல்ட்டைத் தூக்கும்போது பாதி வழியில பிடிச்சுப் பிடிச்சு வந்தா சந்தேகப்படுங்க. அந்த ரிசீவருக்குப் புது பேரல் வேஸ்ட்.

93, 95 மௌசர்

இது 98க்கு முந்தின மாடல்கள். 9.3×62, வீலன் ரெண்டும் வேண்டாம்.

1903 ஸ்பிரிங்ஃபீல்ட் (அமெரிக்க ராணுவ ரைஃபிள்), சீரியல் நம்பர் 8,00,000க்குக் கீழ

தொடாதீங்க. ராக் ஐலண்ட் ஆயுதத் தொழிற்சாலையில செஞ்சதுன்னா 2,85,507க்குக் கீழ.

சைஸிங் டையை அடி வரைக்கும் இறக்கறது

சுட்ட பிராஸை மறுபடி லோடு பண்ண அளவுக்கு நெருக்கற கருவிதான் சைஸிங் டை. வீலனோட தோள், அதாவது பிராஸ் கழுத்தா சுருங்கற இடம், சின்னது, ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா சேம்பர்ல எங்க போய் நிக்கணும்ங்கற அளவு, நிக்கறதே அந்தத் தோள்லதான். டை, பிராஸைப் பிடிச்சு நிக்கற ஷெல்ஹோல்டர்ல முட்டற வரைக்கும் இறக்கிட்டு தோளைப் பின்னாடி தள்ளிட்டு, பிராஸ் அடியில பிளக்குதேன்னு தோட்டாவைத் திட்டறவங்களைப் பாத்திருக்கேன். உங்க சேம்பர்ல சுட்ட பிராஸை அளந்து, தோள் லேசா நகர்ற அளவுக்கு மட்டும் டையை வைங்க.

பிராஸ்

பேரல் வாங்கறதுக்கு முன்னாடியே நூறு பிராஸ் உங்க வீட்டுல இருக்கணும்.

அந்தத் தம்பி அன்னைக்குப் பணம் கட்டல. அடுத்த வாரம் அளவெடுக்கற கேலிப்பரோட வந்தார், என் பையில இருந்த 8×57 டம்மியை அவர் மேகஸின்ல இறக்கினோம், முன்னாடி ஒரு விசிட்டிங் கார்டு நுழையற இடம்தான் இருந்துது. இப்ப 9.3×57 பத்தி விசாரிச்சுக்கிட்டிருக்கார், ஸ்வீடன்ல ஹஸ்க்வர்னா ரைஃபிள்ல மூஸ் வேட்டைக்கு நெறைய ஓடின தோட்டா, அதே .366 குண்டு, நீளம் 8×57 அளவுக்குத்தான் வரும். இந்தத் தடவை குண்டை மொதல்ல வாங்கியிருக்கார், டம்மியோட ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கார்.