வியூ கேமரா நேராக நிற்கிறதா? சோதனையும் திருத்தமும்

லென்ஸ் ஒரு சட்டத்திலும் ஃபிலிம் இன்னொரு சட்டத்திலும் இருக்கும் பெரிய வியூ கேமராவில், டில்ட் (மேல்-கீழ் சாய்வு), ஸ்விங் (பக்கவாட்டுத் திருப்பம்) இரண்டும் பூஜ்யத்தில் 'கிளிக்' என்று உட்கார்ந்துவிட்டால் கேமரா நேராகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. அந்தக் கிளிக் ஒரு சின்ன இரும்புக் குண்டையும் ஸ்பிரிங்கையும் பொறுத்தது, இரண்டும் தேயும். 90 மி.மீ. லென்ஸுடன் முன் ஸ்டாண்டர்ட் (லென்ஸைத் தாங்கும் சட்டம்) 1 டிகிரி சாய்ந்தாலே போதும், ஃபோகஸ் தளம் லென்ஸுக்கு சுமார் 5.2 மீட்டர் கீழேயோ மேலேயோ உள்ள கோட்டின் வழியாகச் சாய்ந்துவிடும். 300 மி.மீ. லென்ஸில் அந்தக் கோடு 17 மீட்டருக்கு அப்பால் இருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு வைடு லென்ஸில் முதலில் பிடிபடுகிறது.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கோளாறு எங்கே என்று பிரித்தறிய வேண்டும். நுணுக்கமான எழுத்துள்ள செய்தித்தாள்களைச் சுவரில் ஒட்டுங்கள். பின் ஸ்டாண்டர்டின் (ஃபிலிமைத் தாங்கும் சட்டம்) நான்கு மூலையிலிருந்தும் சுவருக்கு ஒரே தூரம் வருமாறு டேப்பால் அளந்து கேமராவை நிறுத்துங்கள். லென்ஸை முழுத் திறப்பில் வைத்து, நடுவில் ஃபோகஸ் செய்து, பின்னால் பிம்பம் விழும் சொரசொரப்புக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் நான்கு மூலைகளையும் லூப்பால் (உருப்பெருக்கி) பாருங்கள். எஃப் 22-இல் செய்யும் சோதனை வீண். பிசகை எல்லாம் அது மூடிவிடும்.

கிரவுண்ட் கிளாஸிலேயே ஒரு பக்கம் மங்கினால் ஸ்விங், மேலோ கீழோ மங்கினால் டில்ட். உடனே லென்ஸ் போர்டைத் (லென்ஸ் பொருத்திய பலகை) தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். மங்கல் எதிர்ப்பக்கம் போனால் குற்றம் லென்ஸிலோ போர்டிலோ இருக்கிறது, கேமராவை விட்டுவிடலாம். கண்ணாடியில் எல்லாம் கூர்மையாக இருந்து நெகட்டிவ் மட்டும் மங்கினால் பின்புறத்தையோ ஹோல்டரையோ (ஃபிலிம் ஷீட்டை வைத்துச் செருகும் சட்டம்) சந்தேகிக்கவும். வேறு ஹோல்டரில் ஒரு ஷீட் எடுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பின்புறத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது. கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் மாற்றிப் போட்டிருப்பது சகஜம். பிறகு பின்புறத்தைக் கழற்றி, லென்ஸ் பக்கம் மேலே வரும்படி வைத்து, சட்டத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலைப் போட்டு, வெர்னியர் காலிப்பரின் ஆழக் கம்பியால் கண்ணாடி வரை அளவெடுங்கள். பாழான ஃபிலிம் போட்ட ஹோல்டரைச் செருகி, ஃபிலிமை மூடியிருக்கும் ஸ்லைடை உருவி, அதே இடங்களில் ஃபிலிம் வரை அளங்கள். கம்பியை அழுத்தாதீர்கள், ஃபிலிம் உள்வாங்கும். 4×5 ஹோல்டரில் ஃபிலிம் படியும் தளத்தின் தர அளவு 5.0 மி.மீ., கூடக்குறைய 0.18 மி.மீ. அனுமதி. கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்துங்கள். கண்ணாடி லென்ஸுக்கு நெருக்கமாக இருந்தால் நான்கு மூலையிலும் அதன் அடியில் மெல்லிய பித்தளைத் தகடோ காகிதமோ வைத்துத் தூக்கலாம். தள்ளி இருந்தால் பெரும்பாலும் யாரோ பின்னாளில் சேர்த்த ஃப்ரெனல்தான் (பிம்பத்தை வெளிச்சமாகக் காட்டும் தட்டை லென்ஸ்) காரணம். 1.5 மி.மீ. ஃப்ரெனலைக் கண்ணாடிக்கு முன்னால் செருகினால் கண்ணாடி அவ்வளவும் பின்னே போகும். ஒளிவிலகல் ஈடுகட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான். அதை எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால், கண் இருக்கும் பக்கம் வையுங்கள். ஃப்ரெனலோடு சேர்த்தே தயாரான கேமராவில் மட்டும் அதைத் தொடக் கூடாது.

அடுத்து இரு ஸ்டாண்டர்டும் இணையா என்று பார்க்க வேண்டும். பெல்லோஸைக் (இரு சட்டங்களையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) கழற்றி, இரண்டையும் நெருக்கி, பூட்டுகளை இறுக்கி, சட்டங்களுக்கு நடுவே நான்கு மூலையிலும் காலிப்பரால் அளங்கள். 140 மி.மீ. அகலச் சட்டத்தில் இடத்துக்கும் வலத்துக்கும் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் 0.4 டிகிரி. கால் மி.மீ.க்குள் கொண்டுவந்தால் போதும். கேமராவிலேயே பதித்திருக்கும் ரசமட்டத்தை நம்ப வேண்டாம். தனி ரசமட்டம் வாங்கினாலும் ஒரே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி வேறு இடத்தில் நின்றால் அது கூடாது.

இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் முகம் பார்க்கும் தட்டைக் கண்ணாடிகள் இரண்டை எடுங்கள். ஒன்றைப் பின் ஸ்டாண்டர்டில் முன்னோக்கி ஒட்டுங்கள். மற்றொன்றின் நடுவே 5 மி.மீ. அளவுக்கு ரசத்தைச் சுரண்டி, பின்னோக்கி இருக்குமாறு முன் சட்டத்தில் ஒட்டுங்கள். முன்னாலிருந்து ஓட்டை வழியே பார்த்தால் ஓட்டையின் பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். எல்லாம் ஒரே மையத்தில் அடுக்கினாற்போல் நின்றால் இணை. வளைந்து ஒரு பக்கம் ஓடினால் வளையும் திசையில் பிசகு.

திருத்துவது கேமராவைப் பொறுத்தது. ஒற்றைத் தண்டில் சட்டங்கள் நகரும் மோனோரயிலில் பூஜ்யத் தடுப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அளந்த நிலையில் நிறுத்தி இறுக்கலாம். மடித்து எடுத்துச் செல்லும் மர ஃபீல்டு கேமராவில் ஸ்விங் பிசகு என்றால் இரு பக்கப் பற்சட்டங்களையும் பாருங்கள். பல்சக்கரம் ஒரு பக்கம் ஒரு பல் தள்ளிப் பிடித்திருந்தால் முழு முன்பகுதியும் கோணலாகும். படுக்கையை முழுதாக வெளியே இழுத்து, இரு பக்கமும் ஒரே நேரத்தில் பல் பிடிக்கும்படி உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூவே இல்லாத மூட்டில் லென்ஸ் போர்டு உட்காரும் இடத்தின் ஒரு ஓரத்தில் பித்தளைத் தகடு வைக்கலாம், ஆனால் வெளிச்சம் கசியாதபடி.

கடைசியில் பெல்லோஸையும் வழக்கமான லென்ஸையும் மாட்டி மறுபடி அளக்கவும். வைடு லென்ஸில் நசுங்கிய பெல்லோஸ் இரு ஸ்டாண்டர்டையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தள்ளும், கனமான லென்ஸ் முன் ஸ்டாண்டர்டை முன்னுக்குச் சாய்க்கும். அப்படியானால் ஸ்க்ரூவைத் தொடாமல் மடிப்பில்லாத, தொளதொளவென்ற பை பெல்லோஸுக்கு மாறுங்கள், அல்லது பூட்டுகளை இன்னும் இறுக்குங்கள்.