மாடியில் சோலார்: கையைக் கடிக்கும் தவறுகள்

எந்த கம்பெனி பேனல் என்று பத்து நாள் அலசுபவர்கள்கூட, மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் நின்று பார்ப்பதில்லை. சோலார் தரும் யூனிட் குறைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பேனல்களைத் தொடராக இணைத்துத்தான் ஒரு ஸ்ட்ரிங் ஆக்குகிறார்கள். வரிசை முழுக்க ஒரே ஆம்பியர்தான் ஓடும். பேனலில் கட்டம் கட்டமாக இருக்கும் செல்களில் ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த ஓட்டமே தடைபடும். அதற்காகத்தான் பேனலுக்குள் கரண்டுக்கு மாற்று வழி விடும் மூன்று பைபாஸ் டையோடுகள். மொத்த வரிசையையும் கெடுக்காமல் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி கரண்டை விட்டுவிடும். ஆக, கையகல நிழல்கூட பேனலில் மூன்றில் ஒன்றைத் தின்றுவிடும்.

அளவெடுக்க ஆள் வருவது ஏப்ரல், மே மாதமாக இருந்தால் மதியம் சூரியன் உச்சியில் இருக்கும். கைப்பிடிச் சுவருக்கு நிழலே இராது. சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒரு மீட்டர் சுவர் வடக்கே முக்கால் மீட்டருக்கு நிழல் போடும். காலை 9 மணிக்கு அந்த நிழல் வடமேற்காகச் சாய்ந்து ஒன்றரை மீட்டரைத் தாண்டும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, மாடிப்படி அறை எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பேனலின் சாய்வு தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி போதும்.

அடுத்தது அளவு. ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாத இபி பில்லில் 600 யூனிட் என்றால் நாளைக்கு 10. இரண்டரை கிலோவாட்டிலேயே அடங்கிவிடும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம் என்பதால், விலை குறைவு என்று வேறு பேனல் வாங்கினால் அந்தப் பணம் வராது.

கரண்ட் போனாலும் சோலார் ஓடும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏராளம். ஓடாது. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, லைன் செத்தவுடன், சோலார் கரண்டை இபி லைனோடு சேர்க்கும் கிரிட் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கரண்ட் போனாலும் ஓட பேட்டரி வேண்டுமென்றால், பேட்டரியையும் இணைக்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

வயரிங்கில் பணம் மிச்சம் பிடிப்பது இருப்பதிலேயே ஆபத்தானது. ஆறு பேனல் தொடரில் 300 வோல்ட் அளவுக்கு டிசி (ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம்) நிற்கும். வீட்டுக்கு வரும் ஏசி (மாறுமின்சாரம்) கரண்டுக்கான எம்சிபி பிரேக்கரை அதில் போட்டால், அது பிரியும்போது எழும் பொறி, ஏசியில் நொடிக்கு நூறு முறை தானாக அணையக்கூடியது, டிசியில் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். டிசி என்று அச்சிட்ட பிரேக்கர்தான் போட வேண்டும். பேனல் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனை சூடேறி, பிளாஸ்டிக் உருகி, சில சமயம் தீயே பிடிக்கும். அதற்கென்று கிரிம்பிங் டூல் இருக்கிறது; வந்தவர் கையில் அது இல்லையென்றால் வேலையை நிறுத்துங்கள்.

கழுவுவதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். ரப்பர் வைப்பரால் உடனே வழித்துவிட வேண்டும். காக்கை எச்சத்தை மட்டும் அடுத்த முறைக்கு விடாதீர்கள். அது மூடிய செல் சூடேறிக் கருகும்.