முகத்தைப் பார்த்து ஜீப் வாங்காதீர்கள்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்ததிலிருந்து திருகோணமலையில் ஜீப் வாங்குகிற பேச்சு ஓயவே இல்லை. லண்டனில் இருக்கிற சித்தப்பா ஜெய்கூ 7 என்ற சீன ஜீப்பின் படத்தை வாட்ஸப்பில் அனுப்புகிறார், பார்த்தால் அச்சு அசல் ரேஞ்ச் ரோவர், அங்கே அதன் விலை பெரிய ரேஞ்ச் ரோவரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மலிவுச் சாமான் விற்கிற டெமு என்ற சீன இணையக் கடையை நினைத்து, பிரிட்டனில் அதற்கு டெமு ரேஞ்ச் ரோவர் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இன்னொரு சீன வண்டியான ஜெட்டூர் டி2 லாண்ட் ரோவர் டிஃபென்டரின் தம்பி மாதிரி நிற்கும். கை கொஞ்சம் இறுக்கமானவர்கள் டொயோட்டா ரெய்ஸ் பக்கம் போகிறார்கள். குடும்பத்துக்கு உழைக்கக்கூடிய வாகனங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முகத்தை நம்பி, அந்த முகத்துக்குரிய வேலையையும் இதனிடம் வாங்கலாம் என்று போனால் கணக்குப் பிழைத்துவிடும்.

பெரிய பிழை, உயரமாக இருந்தால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று நினைப்பது. பிரிட்டனில் விற்கிற ஜெய்கூ 7 பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு, அதாவது பெற்றோலோடு கரண்டில் சார்ஜ் செய்தும் ஓடுகிற வகைக்கு, முன்சக்கர இழுவை மட்டும்தான். ரெய்ஸில் 1.2 லீற்றரும் ஹைபிரிட்டும் அப்படியே, ஜப்பானில் ஃபோர் வீல் கிடைப்பது 1.0 லீற்றர் டர்போவில். விற்பவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு வாகனத்தின் மொடல் குறியீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் கராஜில் ஏற்றிப் பின் அச்சுக்கு, இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நிலாவெளி மணலில் முன்சக்கர வண்டியை இறக்கினால் என்ன நடக்கும் என்று கரையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: முன் டயர் சுழன்று சுழன்று தன் குழியைத் தானே தோண்டும், வண்டி வயிற்றில் உட்காரும், அப்புறம் கரைவலை இழுக்கிற டிராக்டர்தான் வந்து இழுக்க வேண்டும். கயிறு கட்டுகிற கொக்கி எங்கே இருக்கிறது என்றுகூட அப்போதுதான் தேடுவோம். ஃபோர் வீல் இருந்தாலும் டயர் காற்றைக் குறைக்காமல் மணலில் இறங்காதீர்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்லதண்ணியால் கழுவுங்கள், உப்பு விட்டுவைக்காது.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புது டிஃபென்டர் 900 மில்லிமீற்றர் ஆழம் வரை போகும் என்று கொம்பனியே சொல்கிறது, வண்டியைக் காற்றால் உயர்த்துகிற ஏர் சஸ்பென்ஷனை முழுதாக ஏற்றினால் அடிப்பாகம் 291 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும். ரெய்ஸுக்கு 185. இந்த வித்தியாசத்தை பொனெட்டின் உருவம் சொல்லாது. எஞ்சினுக்குக் காற்று உள்ளே போகிற வாய் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், பல வண்டிகளில் அது கிறில்லுக்குச் சற்றுப் பின்னால்தான். அதற்குள் தண்ணீர் போனால் சிலிண்டரில் அதை நசுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்குகிற கொனெக்டிங் றொட் வளைந்து எஞ்சினே முடிந்துவிடும். கைநூலில் ஆழம் எழுதியிருக்காவிட்டால் சக்கரத்தின் நடுமட்டத்துக்கு மேலே தண்ணீர் நிற்கிற ரோட்டில் இறங்கவே வேண்டாம், முன்னால் போன லொறியைப் பார்த்துத் துணியவும் வேண்டாம்.

டெஸ்ட் டிரைவைக் காலையில் குளிரக் குளிரப் போகாதீர்கள். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசுகிற மாதத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு, வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். மேலே முழுக் கண்ணாடிக் கூரை, உள்ளே கறுப்பு சீற், பின்னால் ஏசி வாய் இல்லை என்றால் பிள்ளைகள் கந்தளாய் தாண்டுவதற்குள் வாடிப்போவார்கள். அம்மம்மா தானாக ஏறி இறங்க முடிகிறதா, நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா, டிக்கியில் உங்கள் வீட்டுப் பொதி கொள்ளுமா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஹைபிரிட் என்றால் பின்சீற் ஓரத்தில் பற்றரிக்குக் காற்று போகிற துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள், பல மொடல்களில் இருக்கும், அதைப் பையாலோ துணியாலோ மூடினால் இந்த வெயிலில் பற்றரி சூடேறும்.

டயர். 19 அங்குல ரிம் படத்தில் அழகுதான், ஆனால் ஒரு பள்ளத்தில் விழுந்தால் மெல்லிய டயர் வெடிக்கும், ரிம்மும் வளையும், அந்த அளவு எல்லாக் கடையிலும் உடனே கிடைக்காது. அதே வண்டி 17 அங்குலத்தில் வந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்பெயார் டயர் உண்டா என்றும் பாருங்கள். இப்போது பல வண்டிகளில் பஞ்சர் ஒட்டுகிற திரவமும் சின்னப் பம்பும் மட்டும் கொடுக்கிறார்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில், இரவில், யானை நடமாடுகிற காட்டோரம் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தத் திரவம் எதற்கும் உதவாது. எனக்கு ஸ்பெயார் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம், இதில் நான் பிடிவாதம்தான்.

பம்பருக்குக் கீழே வெள்ளி நிறத்தில் தெரிகிற தகடு பெரும்பாலும் பிளாஸ்டிக், கல்லில் அடிபட்டால் உடையும். கூரைக் கம்பியில் நெல் மூட்டை கட்டுவதற்கு முன் எத்தனை கிலோ தாங்கும் என்று கைநூலைப் பாருங்கள். பக்கவாட்டுப் படி போட்டால் இருக்கிற உயரமும் குறையும்.

ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் ஒக்ஷன் ஷீற்றை, அதாவது அங்கே ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதிய தாளை, நீங்களே சரிபாருங்கள், ஆர் (R) என்று தரம் போட்டிருந்தால் அடிபட்டுத் திருத்தியது. லீசிங் மாதக்காசு மட்டும் கணக்கு இல்லை, காப்புறுதியும் சேவீஸும் சேர்த்துப் பாருங்கள். புதிதாக வந்த பெயர் என்றால் முன் பம்பர், ஹெட் லைட், பக்கக் கண்ணாடி, இந்த மூன்றுக்கும் விலை என்ன, வர எத்தனை நாள், திருகோணமலையில் யார் பூட்டித் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "எடுத்துத் தரலாம் அண்ணன்" என்று மட்டும் பதில் வந்தால் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.