பெங்களூர்ல வீட்டுக்கு கேர்டேக்கர் வெக்கிறவங்க பண்ற தப்புங்க

ஆனேக்கல், சர்ஜாபூர் பக்கம் வீடு கட்டிப் போட்டுட்டு அல்சூர்லயோ வெளிநாட்லயோ இருக்குற நம்மாளுங்க நிறைய பேர், தர்மபுரி கிருஷ்ணகிரில இருந்து ஒரு குடும்பத்த வரவெச்சு அவுட்ஹவுஸ்ல தங்க வெச்சிடுறாங்க, நம்ம ஊர்க்காரர்தானேன்னு சம்பளத்த தவிர எதையும் பேசிக்கிறதே இல்ல. எல்லா சண்டையும் அங்கதான் ஆரம்பிக்குது.

கேட் பாத்துக்க வந்தவர் மோட்டர் போடணும், டேங்கர் வந்தா சம்ப் நிரப்பணும், செடிக்கு தண்ணி விடணும், ஓனர் வந்தா கார் கழுவணும், அவர் சம்சாரம் வீடு கூட்டித் தொடைக்கணும், இதுக்கெல்லாம் தனியா ஒத்த பைசா கிடையாது. இது அநியாயம்ங்க. ரெண்டு பேர் வேலை பாத்தா ரெண்டு சம்பளம் குடுங்க. என்னென்ன வேலை, எத்தன மணி நேரம், வாரத்துல எந்த நாள் லீவு, பொங்கலுக்கு அவங்க ஊருக்குப் போனா யார் பாத்துப்பாங்க, எல்லாத்தையும் அவருக்கு வாசிக்கத் தெரிஞ்ச பாஷைல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க. சம்பளத்த பேங்க்லயே போடுங்க, எவ்ளோ குடுத்தீங்கன்னு உங்களுக்கும் அவருக்கும் ஆதாரம் இருக்கும்.

அடுத்து அந்த ரூம். 12 வருஷம் இருந்தா வீடு அவருக்கே போயிடும்னு பயந்து வருஷா வருஷம் ஆள மாத்துறவங்க இருக்காங்க. வாட்ச்மேன், கேர்டேக்கர் எத்தன வருஷம் தங்கியிருந்தாலும் அதனால மட்டும் சொத்துல உரிமை வராதுன்னு சுப்ரீம் கோர்ட் 2012லயே தெளிவா சொல்லிடுச்சு. நாமளே சிக்கல் இழுத்துக்கிறது வேற எடத்துல, ரூம் வாடகைன்னு சம்பளத்துல மாசாமாசம் புடிக்கிறோம் பாருங்க, அப்புறம் பிரச்சனைன்னு வந்தா நான் வாடகைக்கு இருக்கேன்னு அவர் சொல்ல அதுவே ஆதாரமாயிடும். அதனால வாடகை புடிக்காதீங்க, வேலைக்காக குடுத்த ரூம்னு பேப்பர்ல எழுதுங்க, கரண்ட் பில்லும் வரி ரசீதும் உங்க பேர்லயே இருக்கட்டும்.

போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆதார் காப்பி போதும், ஒரிஜினல வாங்கி பீரோல பூட்டி வெக்காதீங்க. பெரிய அட்வான்ஸ் குடுத்துட்டு அது கழியுற வரைக்கும் போகக்கூடாதுன்னு கட்டிப் போடுறது அதவிட மோசம், கொத்தடிமை முறைய 1976லயே சட்டம் போட்டு ஒழிச்சாச்சு, கேஸ் ஆனா ஜெயில் வரைக்கும் போகும்.

நிறுத்துறதா இருந்தா எத்தன நாள் முன்னாடி சொல்லணும்ங்கிறதையும் மொதல்லயே எழுதிடுங்க. வேலை போனா அவங்களுக்கு வீடும் சேந்து போகுது, புள்ளைங்க அங்க ஸ்கூல் போறாங்கன்னா பரீட்ச முடியுற வரைக்குமாச்சும் டைம் குடுங்க.