மும்பையில் ஸ்பிளிட் ஏசி மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

மாதுங்காவின் பழைய பில்டிங்கோ தாராவியின் தகரக்கூரைக் கடையோ, முதலில் முடிவு செய்ய வேண்டியது அவுட்டோர் யூனிட் எங்கே உட்காரும் என்பது. 1.5 டன் அவுட்டோர் 25 முதல் 40 கிலோ வரை இருக்கும். விரிசல் விட்ட சஜ்ஜாவின் (ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் கான்கிரீட் பலகை) தலையில் அதை ஏற்றாதீர்கள். ஆங்கர் போல்ட் கான்கிரீட் பீமில் நன்றாகப் பிடிக்கும். பூச்சு உதிரும் செங்கல் சுவரில் நம்ப முடியாது. அங்கே சுவரை முழுக்கத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டை முடுக்குங்கள். பின்னால் ஓர் அடி, முன்னால் மூன்று அடியாவது காலி வேண்டும். பில்டிங் டக்டுக்குள் (பைப்கள் இறங்கும் குறுகிய திறப்பு) நெருக்கி வைத்தால், அது தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்து, மே மாதத்தில் கம்ப்ரசர் அடிக்கடி நின்றுபோகும். சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) அனுமதியைத் துளை போடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கரண்டுக்குத் தனி லைன். 1.5 டன்னுக்கு 4 சதுர மிமீ காப்பர் ஒயர், 20 ஆம்பியர் 'சி' டைப் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), சரியான எர்த். மீட்டரின் அனுமதி லோடு போதாவிட்டால் பெஸ்ட், அதானி என யார் கரண்ட் தருகிறார்களோ அவர்களிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுவர்த் துளை 65 மிமீ. வெளிப்பக்கம் 5 முதல் 10 மிமீ தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஜூன் மழை பைப் வழியே ஹாலுக்கு வரும். காப்பர் பைப்பும் நேராகத் துளைக்குள் நுழையாமல், வெளியே சற்றுக் கீழே வளைந்து மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு செமீ இறக்கம் போதும், ஆனால் நடுவில் எங்கும் மேடு கூடாது. அதன் முனை பக்கெட் தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் இன்டோர் சொட்டும். மும்பை ஈரப்பதத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட வடியும் என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம்.

1.5 டன்னுக்குப் பெரும்பாலும் கால் இன்ச், அரை இன்ச் காப்பர் பைப். பைப்பை ஹாக்சாவால் அறுக்கக் கூடாது, கட்டர்தான். உள்விளிம்புப் பிசிறை எடுக்கும்போது வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தூள் உள்ளே விழுந்தால் கம்ப்ரசருக்குக் கேடு. நட்டைப் போட்ட பிறகே பிளேர் அடியுங்கள், அதாவது பைப் வாயை விரியுங்கள் (மறப்பவர்கள் அதிகம்). முடுக்கும் அளவு கால் இன்ச்சுக்கு 14–18 நியூட்டன் மீட்டர், அரை இன்ச்சுக்கு 50–60. பலம் காட்டினால் பிளேர் வெடித்து, சில மாதங்களில் கேஸ் காலி. இரண்டு பைப்புக்கும் தனித்தனி இன்சுலேஷன்.

அடுத்தது வாக்யூம், அதாவது பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. அதிகம் ஏமாற்றப்படும் இடம் இதுதான். பம்ப் கொண்டு வராமல், யூனிட்டின் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு "ஏர் எடுத்தாச்சு" என்பார்கள். அப்படிச் செய்தால் ஈரம் உள்ளேயே தங்கி, ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசர் வைண்டிங்கை அரிக்கும். பல ஏசிகளில் உள்ள ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால் ஆபத்தும் உண்டு. முதலில் நைட்ரஜன் ஏற்றி எல்லா ஜாயின்டிலும் சோப்பு நுரை வைத்து லீக் பாருங்கள். பிறகு பம்பை 20–30 நிமிடம் ஓட்டி வாக்யூம் கேஜில் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்குங்கள். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். அளவு விடாமல் ஏறினால் லீக். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம், மறுபடி ஓட்ட வேண்டும். அதன் பிறகே ஆலன் கீயால் இரண்டு வால்வையும் முழுசாகத் திறப்பது. பைப் நீளம் கூடினால் அவுட்டோர் லேபிளில் உள்ள மீட்டருக்கு இத்தனை கிராம் கணக்கில், தராசில் வைத்து கேஸ் ஏற்றுங்கள். கேஜைப் பார்த்து உத்தேசமாக அல்ல.

பணம் கொடுக்கும் முன் இன்டோர் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது வெளியே போய்ச் சேர்கிறதா பாருங்கள். கால் மணி நேரம் ஓடியபின் உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 10 டிகிரி அளவு வித்தியாசம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சற்றுக் குறையலாம். கடலை ஒட்டிய வீடென்றால், சில மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து, அவுட்டோர் காயிலின் உப்பை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.