வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கும் முன்: டர்பன், லெனேசியா வீடுகளுக்கான கணக்கு

தென்னாப்பிரிக்காவில் 2023இல் உச்சத்தில் இருந்த லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரிதும் அடங்கிவிட்டது. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது, புயல்மழை என்று கரண்ட் போக வேறு காரணங்கள் இருக்கத்தான் செய்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பனின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தன. இரண்டு மணி நேரத் தடைக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. பேட்டரி தீர்ந்த பிறகும் கரண்ட் வராத நாளுக்குத்தான் ஜெனரேட்டர். அந்த நாளில் எது ஓடியே ஆகவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கீசரையும் மின்அடுப்பையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கீசர் ஒன்றே 3 கிலோவாட் இழுக்கும்; அடுப்பு அதற்கும் மேல். சமையலுக்கு ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தால் ஜெனரேட்டரின் அளவு பாதியாகக் குறையும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் 150 வாட், டீப் ஃப்ரீசர் 120, எல்இடி பல்புகள் பத்துக்கு 90, டிவி 100, ரௌட்டர் 15, இரண்டு ஃபேன் 120. மொத்தம் 595 வாட். இட்லிக்கும் சட்னிக்கும் மிக்ஸி போட்டால் இன்னொரு 750, ஆக 1,345. இத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் 150 வாட்டுக்குப் பதில் 900 வாட் வரை கேட்கும். மோட்டார்களில் கிளம்பும்போது மிக அதிகமாக இழுப்பது எதுவோ, அதன் கூடுதலை (இங்கே 900 - 150 = 750) மட்டும் சேர்த்தால் போதும்: 1,345 + 750 = 2,095. அதற்கு மேல் கால்வாசி இடம் விட்டால் 2.6 கிலோவாட். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 0.75 கிலோவாட் மோட்டார் இருந்தால் கதையே வேறு. அது ஓடும்போது 1.1 கிலோவாட், கிளம்பும்போது அதைப்போல் மூன்று மடங்கு கேட்கும். அப்போது 5 கிலோவாட் தேவைப்படும். மோட்டார் ஓடும் நேரத்தில் மிக்ஸியைப் போடாதீர்கள்.

கடையில் அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சில நிமிடம் மட்டும் தாங்கும் உச்ச அளவு. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைக் குனிந்து படியுங்கள். தொடர்ந்து தரும் அளவு அதில்தான் இருக்கும். கேவிஏவைக் கிலோவாட்டாக மாற்றப் பெருக்கும் எண்தான் பவர் ஃபாக்டர். அது 0.8 என்றிருந்தால் 5 கேவிஏ என்பது 4 கிலோவாட்தான், 1.0 என்றிருந்தால் முழு 5. தூக்கிப் பார்ப்பதும் நல்லது. திறந்த சட்டகத்தில் வரும் 5 கேவிஏ பெட்ரோல் இயந்திரம் பொதுவாக 75 கிலோவுக்கு மேல் இருக்கும். மிகவும் லேசாக இருந்தால் உள்ளே செம்புச் சுருளா அலுமினியமா என்று கேளுங்கள்.

டர்பன் கடல்மட்டத்தில் இருப்பதால் தகட்டில் உள்ளது அப்படியே கிடைக்கும். ஜோஹன்னஸ்பர்க், அதன் தெற்கே உள்ள லெனேசியா பக்கம் அப்படியில்லை. அங்கே காற்று மெலிவு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3.5 சதவீதம் சக்தி குறையும். நகரம் சுமார் 1,700 மீட்டரில் இருப்பதால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்குள்ளவர்கள் அடுத்த அளவை வாங்குங்கள். கார்புரேட்டருக்கு உயரத்துக்கான ஜெட் (பெட்ரோல் வரும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதும் நஷ்டமே. சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தருவதற்காக எப்போதும் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடியாக வேண்டும். ஆகவே 5 கேவிஏ இயந்திரம் 600 வாட் சுமைக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் சுமைக்கு ஏற்பச் சுற்றைக் குறைத்துக்கொள்ளும்; சத்தமும் குறைவு, கணினிக்கும் டிவிக்கும் சுத்தமான கரண்ட். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு, விலை கூடினாலும், அதைத்தான் பரிந்துரைப்போம். சாதாரண வகைதான் வாங்குவதென்றால் ஏவிஆர் (வோல்ட்டைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) உள்ளதாகப் பாருங்கள். டீசல் தினமும் பல மணி நேரம், நல்ல சுமையில் ஓடுபவர்களுக்கே ஏற்றது. சுமை குறைவாகவே ஓடினால் கரி பிடிக்கும்.

இனி இணைப்பு. உயிர் போவது இங்கேதான். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர் பாயிண்ட்டில் செருகாதீர்கள். உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஏறிப்போய் 11,000 வோல்ட்டாகும். அங்கே லைன் பழுதுபார்ப்பவரின் கை இருக்கும். டிபி போர்டில் (வீட்டின் மின்விநியோகப் பலகையில்) லைவையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரண்டு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். சான்ஸ் 10142-1 என்ற தென்னாப்பிரிக்க வயரிங் விதிப்படி பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் அதைப் பொருத்தி, இணக்கச் சான்றிதழ் தர வேண்டும்.

எர்த் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் சுருளின் இரு முனையும் எர்த்தோடு சேராமல் மிதந்து நிற்கும். அந்த நிலையில் ஃபிரிட்ஜின் உடலில் லைவ் பட்டாலும் கரண்ட் திரும்பிவர வழி கிடையாது. அதனால் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. பழுது ஒளிந்தே கிடக்கும். இதற்குத்தான் ஜெனரேட்டர் பக்கத்தில், சேஞ்ச்ஓவருக்கு முன்பாக, நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கிறார்கள். எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்தப் பட்டன் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வேலை செய்வது. இந்த இணைப்பு இல்லாவிட்டாலும் அது விழும். ஜெனரேட்டர் ஓடும்போதே பிளக் பாயிண்ட்டில் டெஸ்டர் வைத்துச் சோதிக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

வயரிலும் சிக்கனம் வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் 20 மீட்டர் போனால் 7 வோல்ட்டுக்கு மேல் விழும். 4 சதுர மில்லிமீட்டரில் நாலரை வோல்ட் கூட இல்லை.

கராஜ் கதவைத் திறந்துவைத்து உள்ளே ஓட்டலாமா என்றால், கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, வெளியே, மழைபடாத கூரையின் கீழ் வையுங்கள். புகைக்குழாய் பக்கத்து வீட்டைப் பார்த்தும் இருக்கக் கூடாது. டர்பன் கடற்காற்றில் திருகாணிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். இயந்திரம் ஆறிய பிறகு மூடிவையுங்கள்.

புது இயந்திரம் பெரும்பாலும் ஆயில் இல்லாமலேதான் வரும். ஊற்றாமல் கயிற்றை இழுத்து முதல் நாளே கெடுத்தவர்கள் உண்டு. 200 சிசி எஞ்சினுக்கு 0.6 லிட்டர், 400 சிசிக்கு 1.1 லிட்டர்; தரையைச் சமமாக்கி அளவுக்குச்சியில் பாருங்கள். முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள், பிறகு கையேட்டின்படி.

ஓட்டும்போது சுமையில்லாமல் மூன்று நிமிடம் சூடேறவிட்டு, சுவிட்சை மாற்றி, சாமான்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஃபிரிட்ஜ் முதலில், மிக்ஸி கடைசியில். பெட்ரோல் தீர்ந்து அதுவாக அணையும்வரை விடாதீர்கள். வோல்ட் தள்ளாடும்போது கம்ப்ரஸர் எரியும். பெட்ரோல் இரண்டு மாதத்தில் பழசாகி கார்புரேட்டரில் பிசின்போல் ஒட்டும். மாதம் ஒருமுறை ஃபிரிட்ஜை மாட்டி 15 நிமிடம் ஓட்டி, ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் அணையும்வரை நின்று பாருங்கள்.